புதுப்பிப்பு: கடைசிச் சுற்றுப் பந்தயம், நான் போட்ட கணக்கு தப்பு

ஜெப்பர்டி என்ற அமெரிக்க டிவி வினாடி வினா போட்டியின் கடைசிச் சுற்றில் இரண்டாமிடத்தில் இருந்தவர் கொஞ்சமாகப் பந்தயம் வைத்ததைப் பார்த்து ‘பயந்தாங்கொள்ளி’ என்றும், கையிலிருந்த எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்றும் முன்பு எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். (அந்தச் சுற்றில், கேள்வியாக வரும் குறிப்பைப் பார்க்கும் முன்பே ஒவ்வொருவரும் அதுவரை சேர்த்த பணத்திலிருந்து ஒரு தொகையைப் பந்தயம் வைப்பார்கள்; பதில் சரியானால் அது கூடும், தப்பானால் கழியும்.)

வாசகர்களான நீங்கள் சொன்ன மாதிரியே தாளில் போட்டுப் பார்த்தேன். வசதிக்கு முழு எண்களாக எடுத்துக்கொள்வோம்: முதலாமவர் 18,000 டாலர், இரண்டாமவர் 14,000, மூன்றாமவர் 6,000. இரண்டாமவர் இரட்டிப்பாக்கினால் 28,000. அதைத் தாண்ட முதலாமவர் 10,001 வைத்தே ஆகவேண்டும். அவர் தப்பாகச் சொன்னால் கையில் மிஞ்சுவது 7,999தான். மூன்றாமவர் எல்லாவற்றையும் வைத்து ஜெயித்தாலும் 12,000தான். ஆக, இரண்டாமவர் 1,999 வைத்தால் போதும். அவர் பதில் தப்பானாலும் 12,001 இருக்கும். முதலாமவர் சறுக்கினால் ஆட்டம் இவருக்கு! நான் சொன்னபடி 14,000ஐயும் வைத்திருந்தால், எல்லாரும் தடுமாறும் கடினமான குறிப்பில் பூஜ்யம்தான்.

2019இல் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் என்ற போட்டியாளர் ஒரே ஆட்டத்தில் 1,31,127 டாலர் குவித்ததைப் பார்த்த மயக்கம் எனக்கு. அவர் பெரும்பாலும் கடைசிச் சுற்றுக்கு வரும்போதே யாரும் எட்ட முடியாத தூரத்தில் இருப்பார். அது வேறு கதை.

அப்புறம், சமநிலையில் முடிந்தால் இருவருமே ஜெயித்தவர்கள் என்று எழுதியதும் பழைய விதி. இப்போது இன்னொரு குறிப்பு கொடுத்து, முதலில் பொத்தானை அழுத்திச் சரியாகச் சொல்பவருக்கே வெற்றி.