புளித்த வாடை: செர்ரிக் காபியின் இயல்பா, குற்றமா?

கேள்வி – பண்ணைக்காடு, சிறு தோட்டக்காரர்

கீழ்ப்பழனி மலையில் காபி பயிரிடும் சிலரும், வீட்டிலேயே கொட்டை வறுத்துப் பழகும் சிலரும், அறுவடை முடிந்ததும் ஓரிடத்தில் கூடி, அவரவர் காபியைப் பாலும் சர்க்கரையும் சிக்கரியும் இல்லாமல் சுவைத்துப் பேசுவது வழக்கம். இம்முறை தோலை உரித்துப் பசையையும் கழுவிக் காயவைத்த பார்ச்மென்ட், பழத்தை முழுதாகவே காயவைத்த செர்ரி, தோலை மட்டும் உரித்துப் பசையோடு காயவைத்த ஹனி ஆகிய மூன்று பக்குவங்களையும் வைத்திருந்தோம். செர்ரி ஒன்றை முகர்ந்ததும் கூட்டம் இரண்டுபட்டது. பழுத்த பலாவின் மணம் என்று ஒரு சாராரும், சாக்கில் ஊறிப்போன சரக்கின் வாடை என்று மறு சாராரும் சாதித்தனர். இத்தனைக்கும் இரு சாராரும் முகர்ந்தது ஒரே கோப்பையைத்தான். எது பக்குவத்தின் இயல்பு, எது குற்றம் என்று பிரித்தறிய வழி உண்டா?

பதில் – கொடைக்கானல், காபி வறுப்பவர்

ஐயா, மாதிரிகள் அனைத்தும் ஒரே ரகமா என்பதை முதலில் பாருங்கள். ஒருவர் செலக்‌ஷன் 9, மற்றவர் சந்திரகிரி, இன்னொருவர் எஸ்.795 கொண்டுவந்தால், நாவில் படும் வேறுபாடு ரகத்தால் வந்ததா பக்குவத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல இயலாது. ஒரே தோட்டத்தில், ஒரே நாளில் எடுத்த பழத்தை மூன்றாகப் பங்கிட்டுப் பக்குவம் செய்து, ஒரே அளவுக்கு இளவறுப்பாக வறுத்து, ஓர் இரவு ஆறவிட்டுப் பிறகு அரையுங்கள்.

150 மில்லி நீருக்கு 8.25 கிராம் தூள், சற்றுக் கொரகொரப்பாக. நீரின் சூடு 93 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். கொடைக்கானலில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம் என்பதால் நீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான். அடுப்பிலிருந்து நேரே ஊற்றலாம். உங்கள் ஊர் தாழ்வு, கொதி அடங்கச் சற்றுப் பொறுக்க வேண்டும். நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் விலக்கி முகர்ந்து, நுரையை வழித்தெடுத்து, ஆறத் தொடங்கியதும் உறிஞ்சிச் சுவையுங்கள்.

முக்கியமானது ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதிரிக்கும் ஐந்து கோப்பைகள் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் தூளைத் தனித்தனியே அரையுங்கள். ஐந்தில் ஒன்று மட்டும் நாறினால் அந்தக் கோப்பையில் கெட்ட கொட்டை ஒன்று விழுந்திருக்கிறது என்று பொருள். ஐந்தும் நாறினால் பக்குவத்திலேயே கோளாறு. யாருடைய சரக்கு என்று தெரியாதபடி எண் மட்டும் ஒட்டி, எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் பேசியவர் பலா என்றால் அடுத்தவர் மூக்கும் பலாவையே தேடும்.

பதில் – தாண்டிக்குடி, தோட்டக்காரர்

கோப்பைக்குப் போகுமுன் பச்சைக் கொட்டையைப் பாருங்கள். நம் மலையில் பழம் எடுக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. மூடுபனியில் களம் காயாது. ஆள் பற்றாக்குறையால் பழம் இரவு முழுவதும் சாக்கிலேயே கிடந்து சூடேறும். அப்படிக் கெட்ட கொட்டை செம்பழுப்பாக மாறியிருக்கும், வெட்டி முகர்ந்தால் நாற்றம் தெரியும். பழுத்த பழத்தை மட்டும் பொறுக்கி, அன்றே நான்கு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்பி, அடிக்கடி கிளறி, குலுக்கினால் உள்ளே கொட்டை சலசலக்கும்வரை காயவைத்த செர்ரியில் இந்த வாடை வராது.

பார்ச்மென்ட் என்றாலே சுத்தம் என்றும் எண்ண வேண்டாம். பல்பரில் தோல் உரித்த அரபிகாவின் பசை கரைய 24 முதல் 36 மணி நேரம் ஆகும். ஒரு கை அள்ளிப் பிசையும்போது வழுக்காமல் சரளைபோல் உரசினால் உடனே கழுவிவிட வேண்டும்; அதற்கு மேல் தொட்டியில் விட்டால் அதுவும் புளிக்கும். என்னைக் கேட்டால், பக்குவத்தின் பெயரைச் சொல்லி அசட்டையை மறைப்பவர்களே இப்போது அதிகம்.

பதில் – வத்தலக்குண்டு, வாசகர்

தாண்டிக்குடி ஐயா கூறியதில் ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். மூடிய டிரம்மில் வேண்டுமென்றே பழத்தை நொதிக்கவைத்து, நேரமும் சூடும் குறித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மணம் எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அடுத்த தொகுதியிலும் அதே மணத்தை அவரால் கொண்டுவர முடிந்தால் அதைக் குற்றம் என்று தள்ள மாட்டேன். தற்செயலாக வந்தது திரும்ப வராது.

கோப்பையை நன்றாக ஆறவிட்டு மீண்டும் சுவைத்துப் பாருங்கள். நல்ல செர்ரி ஆற ஆற இனிக்கும். ஊறிக் கெட்டது காடி நெடியையும் வெங்காய வாடையையும் காட்டிவிடும். சூட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால்தான் உங்கள் கூட்டம் பிரிந்தது என்று நினைக்கிறேன். கெட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட சரக்கில் ஒரு கோப்பையை ஓரமாக வைத்து, முதலில் அதை முகரச் செய்யுங்கள். கருவறுப்பும் சிக்கரியும் பாலும் சேர்ந்தால் இந்தக் குற்றத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். வியாபாரிகள் சிலர் இதைப் பொருட்படுத்தாததற்கும் அதுவே காரணம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பழம் முழுவதையும் என் தோட்டத்து எஸ்.795 மரங்களிலிருந்தே தருகிறேன். ஹனிக்குத் தோலை மட்டும் எடுத்துப் பசையை விட்டுவைக்கும் கைப்பல்பர் தேவைப்படுகிறது. தாண்டிக்குடிப் பக்கம் யாரிடமாவது இருந்தால் இரண்டு நாள் இரவல் கிடைக்குமா?