பழைய பாய்ப்படகின் ஜன்னல் ஒழுகுகிறது: வாடைக்கு முன் சரிசெய்ய வழி சொல்லுங்கள்

மண்டபம் வடகடல்:
வணக்கம். என்னிடம் 1982-இல் கட்டிய 28 அடி ஃபைபர் பாய்ப்படகு இருக்கிறது. கேபினின் இரு பக்கமும் நீள ஜன்னல். ஒவ்வொன்றும் 70 செ.மீ., 6 மி.மீ. கனமுள்ள அக்ரிலிக் (கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக்). சட்டம் கிடையாது. சுவரின் வெளிப்பக்கம் வைத்து போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

இரண்டு வருடமாக ஒழுகுகிறது. போன வருடம் விளிம்பைச் சுற்றிச் சாதாரண சிலிகான் பூசினேன். சித்திரை வெயிலில் தோல் மாதிரி உரிந்துவிட்டது. போன வாரம் ராத்திரி மழையில் இடப்பக்கப் படுக்கை முழுக்க நனைந்தது. போல்ட் ஓட்டைகளிலிருந்து முடி போன்ற விரிசல்கள் ஓடுகின்றன. நல்ல சிலிகானாக வாங்கி மறுபடி பூசினால் போதுமா, கழற்றத்தான் வேண்டுமா? வாடை எழும்பும் முன், பாம்பன் தூக்குப்பாலம் திறக்கும் நாளில் தென்கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கொண்டுபோக வேண்டும். அப்பா வத்தை என்கிற நாட்டுப் படகில் பாய் விரித்தவர். இந்தப் படகை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஃபைபர் வேலை, பாம்பன்:
அண்ணே, மேலே பூசுவதை நிறுத்துங்கள். வெளி விளிம்பை மட்டும் அடைத்தால், போல்ட் வழியாக இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள் தங்கிவிடும். அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே ஒட்டுப்பலகையோ பால்சா மரமோ இருக்கும். அது ஊறி மக்கினால் ஜன்னல் செலவு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும்.

விரிசலுக்குக் காரணம் வெயில். அக்ரிலிக் ஒரு மீட்டருக்கு, 10 டிகிரி சூட்டுக்கு சுமார் 0.7 மி.மீ. நீளும். உங்கள் துண்டு விடியற்காலைக்கும் உச்சிவேளைக்கும் நடுவே 30 டிகிரி ஏறினால் ஒன்றரை மி.மீ. வரை நீளும். ஃபைபர் சுவர் அதில் பாதிகூட நீளாது. 5 மி.மீ. போல்ட்டுக்கு 5 மி.மீ. ஓட்டையே இருந்தால் அக்ரிலிக் எங்கே நகரும்? ஓட்டையில்தான் பிளக்கும்.

விரிசல் விட்டதை மாற்றியே ஆக வேண்டும். புதிய துண்டில் 8 மி.மீ. ஓட்டை போடுங்கள். தலை சரிவாக உள்ள ஸ்க்ரூ வேண்டாம், ஆப்பு மாதிரி பிளந்துவிடும். தட்டைத் தலை போல்ட், அடியில் ரப்பர் வாஷர். அக்ரிலிக்குக்கும் சுவருக்கும் நடுவே பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வையுங்கள். அது என்றும் காய்ந்து இறுகாது. அக்ரிலிக் நகர்ந்தால் அதுவும் கூடவே இழுபடும். ஒரே நாளில் முறுக்காதீர்கள். நாலைந்து நாள், தினமும் கால் சுற்று. பிதுங்குவதை பிளாஸ்டிக் துண்டால் வழித்தெடுங்கள், கத்தி வேண்டாம்.

அப்புறம், அக்ரிலிக்கை அசிட்டோனாலோ தின்னராலோ துடைத்துவிடாதீர்கள், மெல்லிய விரிசல் விடும். சோப்புத் தண்ணீர் போதும். சுவரில் உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எதுவும் ஒட்டாது. நல்ல தண்ணீர் விட்டு இரண்டு தடவை கழுவிக் காயவிடுங்கள்.

தொண்டிக்காரர்:
தம்பி, ஜன்னல்தான் ஒழுகுகிறது என்று எப்படி உறுதி செய்தீர்கள்? தண்ணீர் நுழைவது ஒரு இடம், சொட்டுவது வேறு இடம். எனக்கு ஒரு தடவை முன்பக்கத்தில் நுழைந்த தண்ணீர், உள் லைனிங் வழியாக ஓடி அடுப்புக்கு மேலே சொட்டியது. ஜன்னலைக் கழற்றி மாட்டி ஒரு மாதம் வீணானது.

உள்ளே நன்றாகத் துடைத்து, ஜன்னலுக்குக் கீழே கோலமாவு தூவுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்காரட்டும். வெளியே ஹோஸ் பிடிப்பவர் கீழிருந்து தொடங்கி, ஒரு இடத்தில் பத்து நிமிடம் நின்று, மெதுவாக மேலே போகட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒன்றாக நனைந்து எதுவும் தெரியாது. கேபின் கூரையின் கைப்பிடி ஸ்க்ரூக்களையும் விடாதீர்கள்.

கண்ணாடி வேலை, ராமநாதபுரம்:
பியூட்டைல் நல்லதுதான். ஆனால் சிலிகான் எல்லாமே மோசம் என்று நினைக்க வேண்டாம். கடையில் கிடைக்கும் புளித்த வாசனை சிலிகான் வேறு, உயரமான கட்டடங்களில் கண்ணாடி ஒட்டும் ஸ்ட்ரக்சுரல் சிலிகான் வேறு. டவ் 795 போன்றது வெயிலைத் தாங்கும். இரண்டு பக்கமும் ஒட்டும் கனமான விஹெச்பி டேப்பில் அக்ரிலிக்கை ஒட்டி, விளிம்பு இடைவெளியில் இதை நிரப்பினால் போல்ட்டே தேவையில்லை. ஓட்டை இல்லாததால் விரிசலும் இல்லை. மதுரையில் கட்டட முகப்புக் கண்ணாடி வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே நிபந்தனை, பழைய சிலிகான் ஒரு துளிகூட மிஞ்சக்கூடாது. பாலிசல்ஃபைடு என்கிற அடைப்புப் பசையை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது அக்ரிலிக்கை அரிக்கும்.

ஃபைபர் வேலை, பாம்பன்:
சுவர் தட்டையாக இருந்தால் அதுவும் சரி. வளைவு இருந்தால் அக்ரிலிக் நிமிரப் பார்க்கும், டேப்பை இழுத்துக்கொண்டே இருக்கும். அலை அடிக்கிற ஜன்னலுக்கு போல்ட் இருந்தால்தான் எனக்கு மனம் நிற்கும்.

மண்டபம் வடகடல்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தொண்டி அண்ணன் சொன்னபடி செய்தேன். ஜன்னலின் முன் மூலையில் இரண்டு போல்ட் ஒழுகியது உண்மை. ஆனால் படுக்கையை நனைத்த பெரிய ஒழுகல் கூரைக் கைப்பிடியின் கடைசி ஸ்க்ரூ வழியாக வந்தது! கோலமாவில் கோடு மாதிரி தெரிந்தது.

இடப்பக்க ஜன்னலைக் கழற்றினேன். இரண்டு ஓட்டையைச் சுற்றி ஒட்டுப்பலகை கறுத்து, விரலால் தோண்டினாலே வந்தது. ஒரு வாரம் காயவிட்டு எப்பாக்ஸி பசை வைத்து அடைத்தேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் சுவரில் 6 மி.மீ. வளைவு, அதனால் போல்ட்டும் பியூட்டைலும்தான். கைப்பிடியையும் கழற்றி அதே டேப்பில் உட்காரவைத்தேன். நேற்று இரவு நல்ல மழை, இடப்பக்கம் காய்ந்தே இருக்கிறது. வலப்பக்கத்தை இந்த வாரம் கழற்றுகிறேன்.

ஃபைபர் வேலை, பாம்பன்:
சந்தோஷம் அண்ணே. வலப்பக்கத்துப் பழைய அக்ரிலிக்கை உடைக்காமல் எடுங்கள், புதியதை வெட்ட அதுதான் அச்சு. இடப்பக்கத்து அச்சைத் திருப்பிப் போட்டு வெட்டிவிடாதீர்கள், கையால் கட்டிய படகில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. இடப்பக்க போல்ட்களை ஒரு வெயில் நாளுக்கு அப்புறம் இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள்.