மளிகைக் கடையில் எந்தப் பை கொடுப்பது? 120 மைக்ரான் கவர் செல்லுமா?

புதுக்கடை_திண்டுக்கல்:
வணக்கம். திண்டுக்கல் பக்கம் சின்னதாக ஒரு மளிகைக் கடை எடுத்து நடத்தப் போகிறேன், பை விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள். ஒரு ஏஜெண்ட் 120 மைக்ரானுக்கு மேல் தடிமன் இருந்தால் கவர் கொடுக்கலாம், மத்திய அரசே அனுமதித்திருக்கிறது என்று சாதிக்கிறார். இன்னொருவர் நான்-ஓவன் பையைக் காட்டி "இது துணிப்பைதான் சார், யாரும் கேட்க மாட்டாங்க" என்கிறார். பக்கத்துக் கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே கவரை ஒளித்து வைத்துத் தெரிந்த முகத்துக்கு மட்டும் கொடுக்கிறார். எது சரி? மாட்டினால் எவ்வளவு கட்ட வேண்டும்? பைக்குத் தனியாகக் காசு வாங்கலாமா?

நெல்லை_அண்ணாச்சி:
தம்பி, 120 மைக்ரான் என்பது மத்திய அரசின் விதி, 2022 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்க அதுதான் குறைந்தபட்சத் தடிமன். ஆனால் மாநிலம் அதைவிடக் கடுமையாகத் தடை போடலாம், நம் தமிழ்நாட்டில் போட்டும் விட்டார்கள். 2018 ஜூனில் வந்த அரசாணை 84, 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கேரி பேக், தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல், சாப்பாடு கட்டும் தாள் என்று 14 வகை, தடிமன் எவ்வளவாக இருந்தாலும் கூடாது. அதனால் அந்த ஏஜெண்ட் சொல்வது வேறு மாநிலத்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.

அபராதத்தை 2019லேயே கடையின் அளவுக்குத் தக்கபடி பிரித்துவிட்டார்கள். மளிகை, மருந்துக்கடை மாதிரி நடுத்தரக் கடைக்கு முதல் தடவை 1,000, அடுத்து 2,000, மூன்றாவது 5,000. தள்ளுவண்டிக்காரருக்கு 100ல் ஆரம்பம், சூப்பர் மார்க்கெட், ஜவுளிக்கடைக்கு 10,000ல் ஆரம்பம். மூன்று தடவைக்கு மேல் போனால் உரிமத்துக்கே வேட்டு. சரக்காகச் சேர்த்து வைப்பதும் வண்டியில் ஏற்றுவதும்தான் பெரிய ஆபத்து, அது முதல் தடவையே 25,000. மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டை கணக்கில் வாங்கிப் போடாதீர்கள்.

தறிக்காரன்:
நான்-ஓவன் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் பிழைப்பே துணிப்பைதான். அது துணியே இல்லை, பாலிப்ரொப்பிலீன். நூலும் இல்லை நெசவும் இல்லை, பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் அமுக்கி ஒட்டியது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் கிழித்துத் தீக்குச்சி காட்டிப் பாருங்கள், பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாகும், இது உருகிச் சுருண்டு கட்டியாகிவிடும். நாலு மாதம் வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும், அதைப் பொறுக்கி எடுக்கக்கூட முடியாது.

தமிழ்நாட்டின் தடையை எதிர்த்து இந்தப் பை செய்பவர்களும் பேப்பர் கப் செய்பவர்களும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் வந்த தீர்ப்பில் பேப்பர் கப் மீதான தடை சரிதான் என்று சொன்ன நீதிமன்றம், நான்-ஓவன் விஷயத்தை மட்டும் மத்திய விதிகள் மாறியதை வைத்து மறுபடி பாருங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் திருப்பிவிட்டது. அதைத்தான் ஏஜெண்டுகள் "கோர்ட்டே அனுமதிச்சிடுச்சு" என்று சொல்லி விற்கிறார்கள். மறுபடி பாருங்கள் என்றால் அனுமதி ஆகிவிடுமா?

பில்_கேட்பவள்:
காசு வாங்கலாமா என்ற கேள்விக்கு: வாங்கலாம், ஆனால் முன்னாலேயே தெரியும்படி சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் பிக் பஜார் வழக்கில் இதைத்தான் சொன்னது. சாமானெல்லாம் எடுத்துப் பில் போடுகிற இடத்துக்கு வந்தபிறகு, வேறு வழியில்லாமல் நிற்கிற ஆளிடம் பைக்குக் காசு கேட்பது நியாயமற்ற வணிகம். அதனால் வாசலிலேயே "துணிப்பை இத்தனை ரூபாய், வீட்டிலிருந்து பை கொண்டு வரலாம்" என்று பெரிதாக எழுதிப் போடுங்கள் அண்ணா. போன மாதம் ஒரு ஜவுளிக்கடையில் அவர்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்த பைக்கு என்னிடமே காசு வாங்கினார்கள். அவர்கள் விளம்பரத்தை நான் சுமப்பதற்கு அவர்கள்தானே எனக்குக் கொடுக்க வேண்டும்!

வெட்டிப்பேச்சு:
எல்லாம் சரி. அந்த மளிகைக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு பாக்கெட்டும் என்ன வாழை நாரிலா செய்தது? அதை யாரும் தொட மாட்டார்கள், கீரை விற்கிற பாட்டியிடம் வந்து 100 ரூபாய் ரசீது கிழிப்பார்கள். கவர் தயாரிக்கிற இடத்தைப் பூட்டாமல் கடைக்காரனைத் துரத்துவதில் என்ன பிரயோஜனம்?

நெல்லை_அண்ணாச்சி:
நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் ரசீது தம்பி பெயரில்தானே வரும்?

புதுக்கடை_திண்டுக்கல்:
எல்லோருக்கும் நன்றி. ஏஜெண்ட் இரண்டு பேரையும் அனுப்பிவிடுகிறேன். ஒரே சிக்கல், காலையில் இட்லி மாவும் தயிரும் விற்கலாம் என்று இருந்தேன். அதைத் துணிப்பையில் ஊற்ற முடியாதே. மக்கும் கவர் என்று ஒன்று சொல்கிறார்களே, அது?

தறிக்காரன்:
மக்கும் கவர் என்று அச்சடித்திருப்பதை வைத்து நம்பாதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் நகலைக் கேளுங்கள், தராமல் மழுப்பினால் வேண்டாம். சான்றிதழ் இருந்தாலும் அது உரக்கிடங்கில் இருக்கிற சூட்டில்தான் ஒழுங்காக மக்கும், சாக்கடையில் விழுந்தால் சாதாரணக் கவர் மாதிரிதான் அடைக்கும்.

நெல்லை_அண்ணாச்சி:
மாவுக்கு நான் தூக்குவாளி முறைதான். பாத்திரம் கொண்டு வந்தால் படிக்கு இரண்டு ரூபாய் குறைவு, மறந்து வருகிறவர்களுக்குக் கடையில் மூடி போட்ட டப்பா, முன்பணம் வைத்துவிட்டு எடுத்துப் போகலாம். முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பள்ளிக்கூடப் பையன்கள்கூட வாளியோடு வருகிறார்கள். தயிரைப் பொறுத்தவரை, பால்காரரிடம் பாக்கெட்டிலேயே வருவதை வாங்கி விற்றுவிடுங்கள், அதில் தலையைக் கொடுக்க வேண்டாம். பருப்பு, மிளகாய்க்குப் பிரவுன் பேப்பர் கவர் போதும், பழைய செய்தித்தாள் மட்டும் வேண்டாம், அந்த மை உணவில் ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்தால் அதற்கு வேறு தனியாகப் பேச்சு வாங்க வேண்டும்.