செல் எண்ணிக்கை சரி, வடிவம் சரியில்லை: கருவிழியில் சர்க்கரை என்ன செய்கிறது?

தாமரைக்குளம்:
என் தந்தைக்கு வயது 64. சர்க்கரை நோய் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. கண்புரை அறுவைக்கு முன் எடுத்த ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப்பி (செல்களைப் பெரிதாக்கிப் படமெடுக்கும் சோதனை) அறிக்கையில், கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத் தெளிவான படலமான கார்னியாவின், உட்புறச் செல்கள் சதுர மில்லிமீட்டருக்கு 2,300 என்றும், அவற்றுள் அறுகோண வடிவில் இருப்பவை 38 விழுக்காடு என்றும் உள்ளது. வடிவம் கெட்டதற்குச் சர்க்கரையே காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். விழித்திரை கெடுவது புரிகிறது. ரத்தக் குழாயே இல்லாத கருவிழியைச் சர்க்கரை எந்த வழியாக அடைகிறது?

மூக்குக்கண்ணாடி:
கருவிழி தனக்கு வேண்டிய குளுக்கோஸைப் பெரும்பாலும் தன் பின்னால் தேங்கியிருக்கும் முன்கண் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீரிலும் ஏறும். அதில் நேரடியாக நனைந்திருப்பவை எண்டோதீலியம் என்னும் ஒற்றை அடுக்குச் செல்கள். மிகுதியாக நுழையும் குளுக்கோஸில் ஒரு பகுதியை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிட்டாலாக மாற்றிவிட, அது எளிதில் வெளியேறாமல் செல்லுக்குள்ளேயே சேர்கிறது. கருவிழிக்குள் கசியும் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றி, அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமன் கொண்ட அதைத் தெளிவாக வைத்திருப்பதுதான் இச்செல்களின் பணி. மனிதக் கண்ணில் இவை பெரும்பாலும் புதிதாகப் பெருகுவதில்லை. ஆகவே ஒன்று மடிந்தால் அண்டைச் செல்கள் நீண்டும் பரந்தும் அந்த இடத்தை அடைக்க, தேன்கூடு போன்ற ஒழுங்கு குலைகிறது. எண்ணிக்கையைவிட வடிவத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வைகைக்கரை:
கருவிழியின் வெளிப்புற மேலடுக்கையும் கவனியுங்கள். அந்தச் செல்கள் ஏழு முதல் பத்து நாட்களில் புதுப்பிக்கப்படுபவைதாம். எனினும் அவை ஒட்டியிருக்கும் அடிச்சவ்வு சர்க்கரையால் மாறுவதால் அவை இறுகப் பற்றுவதில்லை, புண் ஆறவும் தாமதமாகிறது. நுண் நரம்புகளும் குறைவதால் உணர்வு மங்குகிறது. என் தாயாருக்குப் பேரனின் நகம் கீறிய காயம் ஆற மூன்று வாரங்கள் ஆயின. வலிக்கவேயில்லை என்று அவர் சொன்னபோது மகிழ்ந்தோம், மருத்துவர்தான் கவலைப்பட்டார்.

தாமரைக்குளம்:
அப்படியானால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டுமா?

மூக்குக்கண்ணாடி:
இந்த அறிக்கைக்காக மட்டும் வேண்டியதில்லை. செல்கள் 500 அளவுக்குக் குறையும்போதுதான் பொதுவாகக் கருவிழி வீங்கும் நிலை வரும். உட்புறத்தைக் காக்கும் ஜெல்லையும், புரையை உடைக்கும் அல்ட்ராசவுண்ட் ஆற்றலைக் குறைத்துப் பயன்படுத்துவதையும் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அறுவைக்குப் பின் வீக்கம் வடியச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதல் நாட்கள் ஆகலாம். வைகைக்கரை சொன்னதுபோல் வலி தெரியாமலும் போகலாம் என்பதால், வலியில்லை என்று மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.