பிளாக் நிரல்: சுவர் எதிரே வந்தும் ரோபோ ஏன் நிற்கவில்லை?

கேள்வி:

வணக்கம். இரண்டு சக்கரங்களும் முன்புறம் ஒரு மீயொலித் தொலைவு உணரியும் (ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தொலைவை அளக்கும் கருவி) கொண்ட சிறிய ரோபோவை, ஸ்கிராட்ச் வகைப் பிளாக்குகளை (திரையில் இழுத்து இணைக்கும் கட்டளைக் கட்டங்கள்) கோத்து இயக்கக் கற்று வருகிறேன். இதற்கு முன் நிரல் எழுதிய பழக்கம் இல்லை. "3 வினாடி முன்னே செல்" என்ற பிளாக்கின் கீழே, "தொலைவு 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மோட்டாரை நிறுத்து" என்ற நிபந்தனையை இணைத்திருக்கிறேன். உணரியின் அளவு திரையில் சரியாகவே தெரிகிறது. ஆயினும் ரோபோ சுவரில் மோதிய பிறகே நிற்கிறது. காரணம் என்ன? தொடக்கநிலையில் எதை முதலில் கற்பது நல்லது?

மறுமொழி 1:

கருவியில் பழுதில்லை, பிளாக்குகளின் வரிசையில்தான் சிக்கல். கால அளவு குறித்த இயக்கப் பிளாக், அந்த 3 வினாடியும் முடியும்வரை அடுத்த பிளாக்குக்கு வழிவிடாது. ஆகவே உங்கள் நிபந்தனை, ரோபோ ஓடி முடித்த பின்னர், அதுவும் ஒரே ஒரு முறைதான் சோதிக்கப்படுகிறது.

அதற்குப் பதிலாக, மோட்டாரை இயக்கிவிட்டு உடனே அடுத்த பிளாக்குக்குச் செல்லும் "இயக்கத் தொடங்கு" வகைப் பிளாக்கை முதலில் வையுங்கள். அதன் கீழே "தொலைவு 20-க்குக் குறையும்வரை காத்திரு" என்பதும், அதற்கடுத்து "நிறுத்து" என்பதும் வரட்டும். காத்திருக்கும் பிளாக் உள்ளுக்குள் உணரியை இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். தடை விலகியதும் ரோபோ மீண்டும் நகர வேண்டுமானால், நிபந்தனையை முடிவின்றிச் சுழலும் மடக்குக்குள் (உள்ளிருக்கும் பிளாக்குகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் பிளாக்) வைத்து, "இல்லையெனில்" என்ற பகுதியில் இயக்கத்தைத் தொடங்குங்கள். ஒரு முறை சோதிப்பதற்கும் ஓயாமல் சோதிப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், ரோபோ நிரலாக்கத்தின் கடினமான வாசலை நீங்கள் கடந்துவிட்டீர்கள் என்றே சொல்வேன்.

மறுமொழி 2:

மேலே சொன்ன விளக்கம் சரியானது. ஆனால் கற்கும் வரிசையைப் பொறுத்தவரை, உணரிக்கு முன்பே அசைவை அளக்கப் பழகுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. சக்கரத்தின் விட்டம் 5.6 சென்டிமீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றில் ரோபோ ஏறத்தாழ 17.6 சென்டிமீட்டர் நகரும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 12 சென்டிமீட்டர் என்றால், நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்ப, ஒவ்வொரு சக்கரமும் எதிரெதிர்த் திசையில் சுமார் 193 பாகை சுழல வேண்டும் (12-ஐ 5.6-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்குக). சுழற்சியை அளக்கும் மோட்டார் இருந்தால், வினாடிக் கணக்கை விட்டு இந்தக் கணக்குக்கு மாறிவிடுங்கள். மின்கலம் தளர்ந்தால் அதே 3 வினாடியில் ரோபோ செல்லும் தொலைவு குறையும். சக்கரம் சுழன்ற பாகை பொய் சொல்லாது, தரை வழுக்காதவரை.

பிளாக் என்பதால் இது விளையாட்டு நிரல் என்று எண்ண வேண்டியதில்லை. 2012-இல் கூகுள் வெளியிட்ட பிளாக்லி என்ற மென்பொருள், நாம் கோக்கும் பிளாக்குகளிலிருந்து பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற எழுத்துவடிவ நிரல்மொழிகளில் நிரலை உருவாக்கித் தரும். உங்கள் மென்பொருளில் அந்த வசதி இருந்தால் அவ்வப்போது திறந்து படித்துப் பாருங்கள்.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. காத்திருக்கும் பிளாக்கை வைத்ததும் ரோபோ மோதாமல் நிற்கிறது. ஆனால் 20-இல் நிற்காமல் 15, 16 வரை சென்றுவிடுகிறது. வேகத்தைக் கூட்டினால் இன்னும் நெருங்குகிறது.

மறுமொழி 1:

உணரி அளந்து, நிரல் முடிவெடுத்து, மோட்டார் நிற்பதற்குள் ரோபோ சற்று நகர்ந்துவிடும். ஓடிய வேகமும் அதை முன்னே தள்ளும். எனவே வேகத்தைத் தொலைவோடு பிணைத்துவிடுங்கள். மடக்குக்குள், தொலைவிலிருந்து 20-ஐக் கழித்து, மீதியை 2-ஆல் பெருக்கி, அதையே மோட்டாரின் வேக விழுக்காடாகக் கொடுங்கள். 45 சென்டிமீட்டரில் வேகம் 50 ஆகவும், 25-இல் 10 ஆகவும் தானே குறையும். 20-ஐத் தாண்டி நெருங்கினால் எதிர்க்குறி எண் வந்து ரோபோ பின்னுக்கு நகரும். மிகக் குறைந்த வேகத்தில் மோட்டார் அசையாமல் முனகினால், பெருக்கும் எண்ணைச் சிறிது கூட்டுங்கள். ரோபோ முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினால் குறைத்துவிடுங்கள். சுவரை நேராக நோக்கி நிறுத்தியே சோதியுங்கள், ஏனெனில் சாய்வான பரப்பில் பட்ட ஒலி வேறு பக்கம் சிதறி, தொலைவு தவறாகத் தெரியக்கூடும்.