பெரிய டோர்னமென்ட்ல ஸ்ட்ரிங்கிங், முதல் தடவை, அனுபவசாலிங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே, அடுத்த மாசம் ஒரு பெரிய டென்னிஸ் டோர்னமென்ட்ல ஸ்ட்ரிங்கிங் ரூம்ல (ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுற இடம்) உக்காரப் போறேன், கிளப் பிளேயர்ஸுக்கு எட்டு வருஷமா கட்டிட்டிருக்கேன் ஆனா இந்த லெவல் இதான் முதல் தடவை, வயித்துல புளியைக் கரைக்குது.

வேகம் பிரச்சனை இல்ல, ஒரு ராக்கெட் 25 நிமிஷத்துல முடிச்சிடுவேன். ஒரே ஆளோட நாலு ராக்கெட்டையும் 24 கிலோ டென்ஷன்ல (நரம்பை இழுக்குற விசை) கட்டி, தட்டிப் பாத்தா ஒண்ணோட சத்தம் மட்டும் மந்தமா கேக்குது. மெஷினை காலிபரேட் பண்ணியாச்சு. முடிச்சு போடுறப்போ கிளாம்ப் (நரம்பைப் பிடிச்சு வைக்குற கவ்வி) லேசா நழுவுதோன்னு சந்தேகம், அதுக்காக கடைசி இழுப்புல மட்டும் 2 கிலோ கூட்டுவீங்களா, இல்ல அப்படியே விட்டுடுவீங்களா?

அப்புறம் ஹைப்ரிட், அதாவது ரெண்டு வகை நரம்பு கலந்து கட்டுறது. மெயின்ஸ் (நீளவாக்கு நரம்பு) நேச்சுரல் கட் (gut, விலங்குக் குடல்ல செஞ்ச நரம்பு), கிராஸ் (குறுக்கு நரம்பு) பாலியெஸ்டர். கிராஸை அவசரமா இழுத்தா கட் உரசி நார் நாரா பிரியுது (நேத்து ஒரு முழு செட் போச்சு, அழுகையே வந்துடுச்சு). மெழுகு தடவினா சரியாகுமா?

மேட்ச் நடுவுல கோர்ட்லேருந்து ராக்கெட் வந்தா, மெஷின்ல பாதி கட்டினதை இறக்கிடுவீங்களா? மெயின்ஸ் மட்டும் இருக்குற ஃப்ரேமை கழட்டினா வளைஞ்சிடுமேன்னு பயமா இருக்கு. செஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.