படகைச் சுற்றி எண்ணெய்ப் படலம், துறையில் ராத்திரி ஆள் நடமாட்டம்: என்ன செய்யலாம்?

புதுத்துடுப்பு
பழைய டீசல் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன், இன்ஜின் உள்ளேயே இருக்கும் வகை. ஆற்றுத்துறையில் கட்டி வைத்திருக்கிறேன். காலையில் போய்ப் பார்த்தால் சுற்றிலும் வானவில் நிறத்தில் ஒரு படலம். டேங்க், குழாய் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன், எங்கேயும் ஒழுகவில்லை. குப்பை ஒன்றுகூட நாங்கள் தண்ணீரில் போடுவதில்லை. பிறகு இது எங்கிருந்து வருகிறது? இன்னொன்று: ராத்திரியில் தெரியாத ஆட்கள் துறைக்கு வந்துபோவதாகப் பக்கத்துப் படகுக்காரர் சொல்கிறார். அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

அலைவரிசை
பாத்திரம் கழுவுற சோப்புத் திரவம் கொஞ்சம் தெளிச்சு விடுங்க, நிமிஷத்துல போயிடும். நிறைய பேர் அதான் பண்றாங்க.

சுக்கான்
தயவுசெய்து சோப்பு போடாதீங்க. அலைவரிசை நல்ல எண்ணத்துலதான் சொல்றார். ஆனா எண்ணெய் அங்கேயேதான் இருக்கும், நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது. சோப்பு அதைப் பொடித்துளியா உடைச்சுத் தண்ணிக்குள்ள கலந்து விட்டுரும். மேல மிதக்கிற வரைக்கும் ஒத்தி எடுக்க வழி இருக்கு. கலந்துட்டா யாராலயும் எடுக்க முடியாது, மீனோட செவுளுக்குத்தான் போகும். சோப்பும் தன் பங்குக்குச் செவுளைக் கெடுக்கும். அமெரிக்காவுல அனுமதியில்லாம இப்படிச் செய்யறது சட்டப்படி குற்றம்.

முதல்ல அது எண்ணெய்தானான்னு உறுதி பண்ணுங்க. தேங்கின தண்ணியில இரும்பை வெச்சுப் பிழைக்கிற பாக்டீரியாவும் இதே மாதிரி பளபளக்கும். ஒரு குச்சியால கலைச்சுப் பாருங்க. சில்லுசில்லா உடைஞ்சு அப்படியே நின்னா பாக்டீரியா. உடனே திரும்ப ஒண்ணா கூடிக்கிட்டா எண்ணெய்.

எண்ணெய்னா, என் சந்தேகம் பில்ஜ் மேலதான், அதாவது அடித்தட்டுக்குக் கீழ கசிவெல்லாம் தேங்குற பள்ளம். படகு இன்ஜின் வேலைதான் எனக்குப் பிழைப்பு, இந்தப் புகாரோட வர்றவங்க பெரும்பாலும் அடித்தட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க. கேஸ்கெட்டுல (இன்ஜின் இணைப்புகளுக்கு நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) கசியுற ஆயில், ஃபில்டர் மாத்தும்போது சிந்தின டீசல், ப்ரொப்பெல்லரைச் சுத்துற ஷாஃப்ட் ஓரமா உள்ள வர்ற தண்ணி எல்லாம் அங்கதான் சேரும். மட்டம் ஏறினதும் மிதவை சுவிட்ச் தூக்கும், பம்ப் ஓடும். நீங்க வீட்டுல தூங்கிட்டிருக்கும்போது அத்தனையையும் ஆத்துல கொட்டிட்டு அதுவா நின்னுடும். குப்பை போட ஒரு ஆள் வேணும், இதுக்கு ஆளே வேண்டாம். அதனாலதான் எனக்கு இது பெரிய கவலை. 1 லிட்டர் ஆயில் 1 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கனத்துல பரவினா 1,000 சதுர மீட்டரை மூடிடும்.

எண்ணெய் உறிஞ்சுற வெள்ளைத் துண்டு கிடைக்கும், பாலிப்ரொப்பிலீன்ல செஞ்சது. தண்ணியை ஏத்துக்காது, எண்ணெயை மட்டும் குடிக்கும். ரெண்டு மூணு துண்டை பில்ஜுல போட்டு, பம்ப் வாயில போய் அடைக்காதபடி கயித்தால கட்டி வைங்க. இன்ஜினுக்குக் கீழ ஒரு தட்டு வெச்சா சொட்டு அதைத் தாண்டி பில்ஜுக்கு இறங்காது. அதோட, கசிவு எந்த கேஸ்கெட்டுன்னு கண்டுபிடிச்சு மாத்துங்க. துண்டு மட்டும் போதும்னு விட்டுடாதீங்க. ஆனா பம்ப் சுவிட்சை அணைச்சு வெச்சுட்டுப் போகாதீங்க. ஷாஃப்ட் சீல் விட்டுச்சுன்னா படகு மூழ்கும், டேங்க்ல உள்ள டீசல் மொத்தமும் ஆத்துக்குப் போகும்.

டீசல் நிரப்பும்போது பத்துல ஒரு பங்கு காலியா விடுங்க. வெயில் ஏறினா எரிபொருள் விரியும், பக்கவாட்டுக் காத்துத் துளை வழியா வழியும்.

ராத்திரி ஆட்கள் விஷயம். இன்ஜின் திருடறவன் எரிபொருள் குழாயை அறுத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போவான், அறுந்த குழாய்ல இருந்து வடியறது தண்ணிக்குத்தான். படகை விட்டு இறங்கும்போது டேங்க் வால்வை மூடுங்க, சாவியைக் கையோட எடுத்துட்டுப் போங்க. அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே மாட்டுற இன்ஜின், வெச்சிருக்கிறவங்க பூட்டு போட்டு, வரிசை எண்ணை ஃபோன்ல படம் எடுத்து வைக்கணும். சந்தேகமா ஏதாவது கண்ணுல பட்டா நீங்களே போய்க் கேட்காதீங்க. எந்தப் படகு, என்ன நிறம், பதிவு எண், எந்தப் பக்கம் போச்சு, என்ன நேரம்னு குறிச்சுக்கிட்டு போலீசுக்குச் சொல்லுங்க. தண்ணியில இருக்கும்போது உயிருக்கு ஆபத்துன்னா படகு ரேடியோவுல (விஎச்எஃப்) 16-ஆம் சேனல்ல கூப்பிடுங்க. சின்னப் படகுதானேன்னு அலட்சியமும் வேண்டாம்: 2000 அக்டோபர்ல ஏமன் நாட்டு ஏடன் துறைமுகத்துல அமெரிக்கப் போர்க்கப்பல் பக்கத்துல வந்து வெடிச்சது ஒரு சின்னப் படகுதான், 17 மாலுமிகள் செத்தாங்க. அதுக்காகப் புதுமுகத்தை எல்லாம் சந்தேகப்படச் சொல்லலை. ராத்திரி தூண்டில் போட வர்றவங்களும் தெரியாத ஆட்கள்தான். விளக்கை அணைச்சுட்டுப் படகு படகா ஏறிப் பார்க்கிறவன் வேற. ஆளைப் பார்க்காதீங்க, செய்யற காரியத்தைப் பாருங்க.

நாணல்
சுக்கான் அண்ணா சொன்னதோடு ஒன்று. படகை வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ப்ரொப்பெல்லர், டிரெய்லர், நங்கூரக் கயிறு எல்லாவற்றிலும் சிக்கிய செடியை எடுத்துவிட்டு, உள்ளே தேங்கிய தண்ணீரைக் கரையிலேயே வடித்துவிடுங்கள். ஆகாயத்தாமரை துண்டாக ஒட்டிக்கொண்டு போனாலும் புது இடத்தில் வேர் பிடித்துவிடும். வரிச்சிப்பி என்ற சின்ன மட்டி 1988-இல் வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல்கள் ஆடாமல் நிற்க உள்ளே நிரப்பும் பாரநீரில் வந்ததாகச் சொல்கிறார்கள். அங்கிருந்து உள்நாட்டு ஏரிகளுக்கு அதைக் கொண்டுபோனதில் உல்லாசப் படகுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, தேங்கிய தண்ணீரில் பயணம் போகும். இறக்கும் முன் படகை நன்றாக உலர விட வேண்டும், 5 நாளாவது.

புதுத்துடுப்பு
அண்ணா, அடித்தட்டைத் திறந்தேன். கறுப்பாக, விரல்கடை ஆழத்துக்கு நிற்கிறது. குச்சியால் கலைத்தும் பார்த்தேன், உடனே கூடிக்கொள்கிறது. பம்பை ஓட்டாமல் கைப்பம்பால் கேனில் எடுத்துவிடலாமா? ஊறிய துண்டை எங்கே போடுவது?

சுக்கான்
அதான் சரி, கேன்லயே எடுங்க. கேனை மூடி, பழைய ஆயில் வாங்கிக்கிற இடத்துல குடுங்க, தண்ணி கலந்திருக்குன்னு சொல்லியே குடுங்க. துண்டையும் அங்கேயே கேளுங்க, சாதாரணக் குப்பையில வேண்டாம். பெட்ரோல் ஊறின துண்டு இருந்தா அதைப் படகுக்குள்ள மூடி வைக்காதீங்க, ஆவி சேர்ந்து தீப்பிடிக்கும். பில்ஜைத் துடைச்ச பிறகு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, கீழே வெள்ளைக் காகிதம் விரிச்சு எந்த இடத்துல சொட்டுதுன்னு படம் எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.